இருநூற்று நாற்பது கம்பளிகளும் ஒரு வாளியும்

பவளராணியைப் பற்றி எழுத நீ யார் என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தாட்சாயினி. வென்ட்வேர்த்விலில் ஒரு டொக்டரின் வரவேற்பு மேசையில் இருபது வருடமாகக் கதிரை தேய்த்தவள். புலம்பெயர்ந்து இங்கே வந்த எங்கள் தமிழ்ச் சனத்தின் சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான். சங்கத்தில் நடந்த முட்டாள்தனங்களில் பாதிக்கு என் கையெழுத்து இருக்கிறது. இதில் வருவதும் அப்படி ஒன்றுதான்.

பவளராணிக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. முல்லைத்தீவுக்காரி, படகில் வந்தவள். 2012இல் வந்தவளுக்கு 2022இலும் தற்காலிக விசாதான். அந்த விசாவில் ஊருக்குப் போகவும் முடியாது, மகளை இங்கே கூப்பிடவும் முடியாது. மகள் தர்ஷனாவைப் பதினான்கு வயதில் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்தாள். இந்தக் கதை நடந்தபோது அந்தப் பிள்ளைக்கு இருபத்துநான்கு. புருஷன் 2009இல் செல்லடியில் போனவர். இவ்வளவையும் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "இனி இதைப் பற்றிக் கேக்காதேங்கோ அக்கா, எனக்கு விசர் வரும்" என்றாள். நானும் கேட்கவில்லை.

அவளுக்கு வேலை ஒரு பெரிய லோண்டரியில். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துவாய்களும் அங்கேதான் வெளுக்க வரும். ஒரு ஹோட்டல் கைமாறினால், அதன் விரிப்புகளில் தைத்திருக்கும் பெயர்த்துணியைப் பிரித்துவிட்டு வேறு பெயர் தைக்க வேண்டும். பிரிப்பதுதான் பவளராணியின் வேலை. கையில் ஒரு சின்னப் பிளேடு. இரண்டு மூலையில் இரண்டு கீறு, ஓர் இழுவை, பெயர் கையோடு வந்துவிடும். விரிப்பில் ஒரு நூல்கூட அறுந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க மண்டபத்தைக் கூட்டித் துடைப்பதும் அவள்தான். சம்பளம் கிடையாது. 2013இல் ஒரு நாள் தானாக வந்து மண்டபக் கதவின் திறப்பைக் கேட்டாள், கொடுத்தோம். ஓசியில் கூட்ட ஆள் கிடைத்தால் ஏன் என்று கேட்கிற ஆட்களா நாங்கள்?

லோண்டரியில் இஸ்திரி மெஷினில் நிற்பவள் ரீமா. சிரியாவில் ஹோம்ஸ் நகரத்துக்காரி. அவளுடைய தங்கை நான்கு பிள்ளைகளோடு லெபனானில், பெக்கா பள்ளத்தாக்கில், பலகையும் பிளாஸ்டிக்கும் அடித்த கூடாரமொன்றில் ஒன்பது குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் பத்தாவதற்குக் காத்திருந்தாள். ரீமாவும் பவளராணியும் பேசுவது ஆங்கிலம் என்று அவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதி விளங்கவில்லை. அவர்களுக்கு முழுதும் விளங்கியது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ரீமா போனில் முந்தின வருட வீடியோ ஒன்றைக் காட்டினாள். பனியின் பாரத்தில் கூடாரம் ஒரு பக்கம் குந்திவிட்டது. உள்ளே நான்கு பிள்ளைகளும் ஒரே போர்வைக்குள். பவளராணி சோற்றுப் பெட்டியை மூடிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு, கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியும் கையுமாக எங்கள் தலைவர் அரியரத்தினத்தை வாசலில் மறித்தாள்.

"அண்ணை, பக்கத்து ஊர் மெரிலண்ட்ஸில சிரியாச் சனம் லெபனானுக்கு ஒரு கொன்டெய்னர் நிரப்புது. செப்ரெம்பர் கடைசிச் சனி பூட்டினாத்தான் பனிக்கு முன்னம் போய்ச் சேரும். எங்கட சங்கமும் கம்பளி குடுக்க வேணும்."

"சிரியாக்காரருக்கும் எங்களுக்கும் என்ன பிள்ளை?" என்றார் அவர்.

"அதைப் பிறகு சொல்லுறன். இப்ப கம்பளியைச் சொல்லுங்கோ."

அரியரத்தினம் கெட்ட மனிதர் இல்லை. 2009இல் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கி ஊருக்கு உதவி சேர்த்தவர். ஆனால் படம் எடுக்காத உதவி நடக்காத உதவி என்பது அவருடைய சமயம். அதோடு எங்கள் சனம் பெயர் போடாமல் ஒன்றும் கொடுக்காது. மண்டபத்து மலசலகூடக் கண்ணாடியில்கூட ஓர் உபயம் இருக்கிறது. முகம் பார்க்க வேண்டுமானால் அந்தக் குடும்பத்தின் பெயருக்குப் பக்கத்தால் எட்டித்தான் பார்க்க வேண்டும். ஆண்டுத் திவசத்துக்குக் கொடுக்கிற சாமான் என்றால் பெயரோடு செத்தவரின் படமும் வரும்.

எனவே மூன்று வாரத்தில் இருநூற்று நாற்பது கம்பளி சேர்ந்தது. ஒவ்வொன்றின் மூலையிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு துணி. "அமரர் இன்னாரின் ஞாபகார்த்தமாக" என்று எழுத்து, மேலே அமரரின் படம், கீழே சங்கத்தின் பெயர். அச்சடிக்கக் கொடுத்ததும் தைப்பித்ததும் நான். அதில் இருபது என் அப்பாவுடையது. அமரர் சச்சிதானந்தன் மாஸ்டர், கறுப்புக் கண்ணாடிச் சட்டத்தோடு. முந்தின வருடம் போனவர். கொரோனாவுக்கு இங்கே எல்லையைப் பூட்டி வைத்திருந்ததால் செத்தவீட்டுக்கு நான் போகவில்லை, கொம்பியூட்டரில் பார்த்தேன். தைத்து வந்த துணியில் அவருடைய முகத்தைக் கண்டபோது மண்டபத்துக் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன். அப்பாவுக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று ஆறுதலாக இருந்தது.

சனிக்கிழமை கொன்டெய்னர் பூட்டப் போகிறது. வியாழன் பின்னேரம் கட்டி அடுக்கக் கூடினோம். அரியரத்தினம் கதிரையிலிருந்து எழும்பி அறிவித்தார்: அங்கே வாங்குகிற ஒவ்வொரு குடும்பமும் கம்பளியை விரித்து, பெயர்த்துணி தெரியப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க வேண்டும். ரீமாவின் தங்கை படங்களை அனுப்ப வேண்டும். டிசம்பர் கலைவிழாவில் பெரிய திரையில் காட்டுவோம்.

"படம் வராது எண்டால் கம்பளி போகாது" என்று முடித்தார்.

பவளராணி பக்கத்திலிருந்த கம்பளியை எடுத்து மூலையைத் திருப்பிப் பார்த்தாள். கைப்பையிலிருந்து பிளேடை எடுத்தாள். இரண்டு கீறு, ஓர் இழுவை. என் அப்பா அவளுடைய கையில் வந்துவிட்டார்.

எனக்குத் தலைக்கு ஏறியது. "உனக்கென்ன விசரோ? அது என்ர அப்பா."

"ஓம் அக்கா, உங்கட அப்பா. அவரை நீங்கள் வைச்சிருங்கோ" என்று துணியை என்னிடம் நீட்டினாள்.

அரியரத்தினம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பவளராணி, நீர் நிரந்தர விசா இல்லாமல் நிக்கிறீர். உமக்கு ஆதரவுக் கடிதம் எழுதித் தந்தது இந்தச் சங்கம். கொஞ்சம் நிதானமாய்க் கதையும்."

மிரட்ட நினைக்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். எனக்கு அது மிரட்டலாகத்தான் கேட்டது.

"கடிதத்தைத் திருப்பி எடுங்கோ. அந்தக் கடிதத்துக்காக வாயைப் பொத்திக்கொண்டு நிக்க என்னால ஏலாது."

"படத்தைக் கண்டால்தானே எங்கட சனம் அடுத்த முறையும் தரும்? வாங்கிற ஆக்களுக்கு இதில என்ன நட்டம்? ரீமாவே ஓம் எண்டிட்டா."

"ரீமா ஓம் எண்டுதான் சொல்லுவா. தங்கச்சியின்ர பிள்ளையள் விறைக்குதுகள். நாங்களும் ஓம் எண்டுதான் சொன்னனாங்கள்."

சொல்லிக்கொண்டே மேடைக்குப் பக்கத்துச் சுவருக்குப் போனாள். அங்கே ஒரு பெரிய படம் தொங்கும். 2009இல் வவுனியா முகாமில் எங்கள் சங்கம் கொடுத்த உதவி. எலும்பும் தோலுமாக ஒரு பெண் நெஞ்சுக்கு நேரே ஒரு வாளியைத் தூக்கிப் பிடித்திருப்பாள். வாளியில் சங்கத்தின் பெயர் கொட்டை எழுத்தில். பக்கத்தில் முகத்தைக் கோணிக்கொண்டு ஒரு சிறுமி. சட்டம் போட்டு மாட்டியது நான்தான். அதன் கீழே நின்று எத்தனையோ கோப்பை தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

பவளராணி அதைக் கழற்றி எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தாள். "இதில நிக்கிறது ஆர் எண்டு ஆருக்கும் தெரியுமோ?"

படத்திலிருந்த பெண்ணின் முகத்தில் விரலை வைத்தாள்.

"நான். இது தர்ஷனா, பதினொரு வயசு."

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பு படத்திலும் இருந்தது, எதிரில் நின்றவளிடமும் இருந்தது. ஒன்பது வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த முகத்தைப் பார்த்தவள் நான். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

"வாளிக்குள்ள சவுக்காரம், ரெண்டு மீன் ரின், ஒரு துவாய். அண்டைக்கு அது பெரிய உதவி, இல்லையெண்டு சொன்னா என்ர வாய் அழுகிப் போகும். ஆனா படம் எடுத்த தம்பி சொன்னார், 'கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ, பேர் தெரியேல்லை' எண்டு. பிடிச்சன். 'இன்னும் கொஞ்சம், வெயில் அடிக்குது' எண்டார். பிடிச்சன். மூண்டாந்தரமும் பிடிச்சன். என்ர மனுசன் செத்துப் பதினேழு நாள். இவள் கிழிஞ்ச சட்டையோட எனக்குப் பின்னால ஒளிஞ்சு நிண்டவள். 'பிள்ளையையும் முன்னால விடுங்கோ' எண்டார். நான்தான் இழுத்து விட்டனான். என்ர கையால."

"பிறகேன் இவ்வளவு காலமும் இதைத் துடைச்சுக்கொண்டு இருந்தனீ?" என்று கேட்டேன்.

"எங்கட வீட்டுப் படமெல்லாம் எரிஞ்சு போச்சு அக்கா. அந்த வயசில என்ர பிள்ளையின்ர படம் உலகத்தில இது ஒண்டுதான். அதுவும் உங்கட சுவரில." படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "இதை நான் கொண்டு போறன். கேக்கேல்லை, சொல்லுறன். கம்பளியும் சனிக்கிழமை போகும். ஒருத்தரின்ர பேரும் இல்லாமல் போகும்."

படத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் சப்பாணி கட்டி இருந்தாள். அடுத்த கம்பளியை மடியில் இழுத்துப் போட்டாள்.

அரியரத்தினம் வெளியே போனார். அவருக்குப் பின்னால் முக்கால்வாசிப் பேர் போனார்கள். நான் அப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவளில் கோபம், என்னில் கோபம், ஒன்றுக்குமில்லாமல் அப்பாவிலும் கோபம். பிறகு முழங்கால் நோவோடு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"பிளேட் இன்னொண்டு இருக்கோ?"

"இருக்கு. அவசரப்பட்டுக் கம்பளியைக் கிழிச்சுப் போடாதேங்கோ."

இன்னும் பத்தொன்பது தடவை அப்பாவைப் பிரித்தேன். ஒவ்வொரு தடவையும் வலித்தது. வெள்ளி பின்னேரம் எல்லாம் முடிந்தது. துணிகளைக் குடும்பம் குடும்பமாகக் கடித உறையில் போட்டு நானே வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிலர் பேசாமல் வாங்கினார்கள். ஒரு அன்ரி வாசலில் வைத்தே என்னை வாயால் கிழித்து எடுத்தார். "அன்ரி, அந்தப் பிள்ளையள் நித்திரை கொள்ளுறதுக்கு உங்கட மாமியாரின்ர முகம் தேவையில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்று வரை அவர் என்னோடு கதைப்பதில்லை, எனக்கும் குறையில்லை.

சனி காலையில் அரியரத்தினம் தன்னுடைய வான் வண்டியோடு மண்டபத்துக்கு வந்து நின்றார். நாங்கள் எதிர்பார்க்கவில்லை. "சாமான் நேரத்துக்குப் போக வேணும்" என்று மட்டும் சொன்னார். அறுபத்தெட்டு வயது. மெரிலண்ட்ஸில் கொன்டெய்னர் நின்ற வளவில் கட்டுக் கட்டாகத் தோளில் தூக்கி ஏற்றினார். கடைசிக் கட்டு அவிழ்ந்து ஒரு கம்பளி கீழே விழுந்தது. அதைக் கண்டதும் படம் எடுக்கிற பழைய நோய் அவருக்குத் திரும்பிவிட்டது. போனை எடுத்தார்.

"ஒரே ஒரு படம். பேரும் இல்லை, ஒண்டும் இல்லை. பவளராணி, நீரும் ரீமாவும் இந்தக் கம்பளியைப் பிடியுங்கோ."

ரீமா தலைத்துணியைச் சரிசெய்தபடி முன்னுக்கு வந்தாள். பவளராணி அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "எடுப்பம் அண்ணை. தாறது நீங்கள்தானே, நீங்கள் பிடியுங்கோ. நான் எடுக்கிறன்" என்றாள்.

அவருக்குப் பிடித்துவிட்டது. போனை அவளிடம் கொடுத்துவிட்டுத் தலைமயிரைக் கையால் வாரிக்கொண்டார். கம்பளியை விரித்து நெஞ்சுக்கு நேரே பிடித்தார்.

பவளராணி போனைக் கண்ணுக்கு நேரே வைத்தாள். "கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ."

உயர்த்தினார். பாரம் ஏற்றிக்கொண்டிருந்த சிரியாக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இன்னும் கொஞ்சம். வெயில் அடிக்குது."

இன்னும் உயர்த்தினார். நெற்றியால் வேர்வை வடிந்தது.

"இன்னும் கொஞ்சம், அண்ணை."

தூக்கிய கை அப்படியே நின்றது. கம்பளிக்கு மேலால் அவளைப் பார்த்தார். அவள் போனைத் தாழ்த்திவிட்டு நேராகத் திருப்பிப் பார்த்தாள். அவர் மெல்ல மெல்லக் கையை இறக்கினார். கம்பளியை நாலாக மடித்தார், மடிப்புச் சரியில்லை என்று விரித்துத் திரும்பவும் மடித்தார். தானே கொன்டெய்னருக்குள் ஏறி மற்றவற்றுக்கு மேல் வைத்துவிட்டு வந்தார்.

பவளராணி போனை நீட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். ஒரு படமும் எடுத்திருக்கவில்லை. அவர் அதைப் பார்க்காமலே சட்டைப் பைக்குள் போட்டார்.

"பூட்டட்டோ எண்டு கேக்கினம்" என்றாள்.

"பூட்டச் சொல்லும்" என்றார் அவர்.