இலைக்காம்பில் இரண்டு பொட்டு

கசக்கினால் பச்சை வாடை அடிக்கும் ஓர் இலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்து கோணலாகத்தான் வரும், பாதி மறந்தும் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேரு என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது, என் தங்கை செல்வி மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். புதைத்த இடத்தில் கல் வைக்க வசதியில்லை. தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி வீட்டு வாசலில், எங்கிருந்தோ கப்பலில் வந்ததாகச் சொல்லும் மஞ்சள் பூச்செடி ஒன்று நின்றது, அந்த வீட்டம்மா அதை 'பட்டர்கப்' என்பார். அதில் ஒரு குச்சியை ஒடித்துவந்து அம்மா குழிமேட்டில் ஊன்றினார், அது பிடித்துக்கொண்டது.

இடுகாட்டில் வேறு மஞ்சள் பூக்களும் முளைக்கும், புல் வெட்டுகிறவர் எல்லாவற்றையும் சேர்த்துச் சீவிவிடுவார். அதனால் எங்கள் செடியைக் காட்டிக்கொடுக்கும் வேலை என்னுடையது. "அஞ்சு இதழு, இலையோரம் ரம்பம் மாதிரி. இலையும் காம்பும் சேருற எடத்துல ரெண்டு பொட்டு இருக்கும். அது இருந்தாதான் நம்ம செல்வி" என்பார் அம்மா. புல் வெட்டும் மாமா, "என்ன இன்ஸ்பெக்டரம்மா, இதை வெட்டலாமா?" என்று கேலி செய்வார்.

அந்தப் பொட்டில் இனிப்பு கசியும், எறும்புகள் வரிசையாக ஏறும். காய் வெடித்தால் விதையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் குழிமேடுகளுக்குப் போகும். நான் குத்தவைத்து வேடிக்கை பார்த்தேனே தவிர, அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முளைத்ததையெல்லாம் பிடுங்கியிருப்பார்.

பிறகு தோட்டத்தை விட்டுப் பட்டணத்தில் செந்தூல் பக்கம் வந்தோம், அம்மாவும் போய்விட்டார். இப்போது அந்தத் தோட்டத்து இடுகாட்டில் தொழிற்சாலை வருகிறது, குழியை அடையாளம் காட்டிச் சிவப்பு ரிப்பன் கட்டினால் எலும்பைத் தனியாக எடுத்துத் தருவார்கள், காட்டாததெல்லாம் ஒரே பள்ளத்துக்கு என்று சொன்னார்கள். போன வாரம் போனேன்.

"எது ஆன்டி உங்களோடது?" என்று கேட்டாள் குழிக்குச் சொந்தக்காரர் பேர் எழுத வந்த பெண்.

"காம்புல ரெண்டு பொட்டு இருக்கும்மா."

அவள் காலடியில் இருந்ததைக் கிள்ளிப் பார்த்தாள். "இதுலயும் இருக்கு. இங்க எல்லாமே இதுதான் லா ஆன்டி."

நிமிர்ந்து பார்த்தேன், வேலி வரைக்கும் மஞ்சள். ஒவ்வொரு செடியாகக் காம்பைப் பார்த்துக்கொண்டே போனேன், எல்லாவற்றிலும் பொட்டு இருந்தது. மதியத்துக்குள் பூக்கள் மூடிக்கொண்டன.

ரிப்பன் இன்னும் என் பையில் இருக்கிறது. செடி விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்: இது பட்டர்கப்தானா, கையால் ஊன்றிய செடியின் வழி வந்தது எது, எறும்பு கொண்டுபோனது எது என்று பிரிக்க ஏதாவது அடையாளம் உண்டா? இருக்காது என்றுதான் நினைக்கிறேன். அடுத்த மாதம் தோண்டுகிறார்கள், அதற்கு முன்னால் கேட்டுவைக்கிறேன்.