புளியடி

சண்டிலிப்பாயில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். சந்தியின் பெரிய புளியமரத்தைக் காணவில்லை, வெயில்தான் நிற்கிறது. பல்கலைக்கழகத்தில் புவியியல் படிப்பித்த காலத்தில், ஊராரோடு சந்து சந்தாக, ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து இணையத்தில் ஊரின் வரைபடம் போட்டோம். அந்த மரத்து நிழலில் பிளேன்டீ குடித்தபடிதான் முதற் புள்ளியை வைத்தோம்: புளியடி.

இல்லாததை வரைபடத்தில் வைக்கக் கூடாதென்பது நான் சொல்லிக்கொடுத்த விதி. கைத்தொலைபேசியை எடுத்து அந்தப் புள்ளியை அழிக்கப் போகிறேன். அன்று எங்களோடு நடந்த மலர், சந்தியில் மரக்கறி விற்கிறவர், எட்டிப் பார்க்கிறார்.

“அழியாதேங்கோ சேர். மரம் விழுந்தது எங்களுக்குத் தெரியும். கனடாவிலையிருந்து வாற சனம் உந்தப் புளியடியைப் பாத்துத்தான் வீட்டுக்கு வழி பிடிக்கிறவை.”

மனைவி அழைக்கிறாள். எங்கே நிற்கிறீர்கள் என்கிறாள்.

“புளியடியிலை” என்கிறேன்.