அறுபதில் வரும் நடுக்கம்

எங்கள் காருக்கு வந்த நடுக்கம் முதலில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. வீட்டில் கார் ஓட்டுவது நான். என் கணவரின் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போன பிறகு கிளச் மிதிப்பது என் வேலையாயிற்று. பக்கத்தில் இருந்து குறை சொல்வது அவருடைய வேலை. இரண்டு பேரும் அவரவர் வேலையைக் குறைவில்லாமல் செய்துவந்தோம்.

ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணிப் பக்கம் போகும்போது வேகம் அறுபதைத் தொட்டால் ஸ்டியரிங் கைக்குள் நடுங்கும். ஐம்பதுக்கு இறக்கினால் நின்றுவிடும். கார் எங்கள் மகளைவிட மூத்தது. இருமும், புகைக்கும், மழைக்கு ஒழுகும். அதெல்லாம் பழகிப்போனவை. இந்த நடுக்கம் புதிது.

"உங்களுக்குத் தெரியேல்லையோ?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை. உமக்குத்தான் நட்டுக் கழண்டு போச்சு."

இது கல்யாணமான நாள்முதல் எங்கள் வீட்டில் ஓடும் பகிடி. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பினாலும், பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்த்தாலும் எனக்கு நட்டுக் கழண்டுவிடும். மகளும் கதைக்கப் பழகிய வயதிலேயே அதைப் பாடமாக்கிவிட்டாள். வழக்கமாக நானும் சிரிப்பேன். அந்தக் கிழமை எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மகளுக்கு அது நிறைமாதம். போன முறை ஏழாம் மாதத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள். இந்த முறை வலி வரும்வரை வீட்டில் இருக்க வேண்டாம், முன்கூட்டியே வவுனியா ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். மருமகனுக்குக் கொழும்பில் வேலை, அவர் நேரே அங்கே வந்துவிடுவார். அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. வழியில் பாதி காடு.

ஊர்க் கராஜில் காட்டினேன். மெக்கானிக் எஞ்சினுக்குக் கீழே இருந்த பழைய ரப்பர் ஒன்றை மாற்றிவிட்டுக் கடைத்தெருவில் ஓட்டிப் பார்த்தார். அந்தத் தெருவில் நாற்பதில் போனாலே பெரிய காரியம்.

"அக்கா, காருக்கு ஒரு வருத்தமும் இல்லை. றோட்டுக்குத்தான் வருத்தம்," என்றார்.

"சில்லைப் பாரும் தம்பி. சில்லுப் பக்கம்தான் நடுங்குது."

ரயருக்கு நடுவே சில்லுகள் பளபளவென்று இருந்தன. போன மாதம் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று, துருவைப் பார்த்து அவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கவலையில், என் கணவர் நாலையும் கழற்றி, கேற்றுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளிப் பெயின்றை உள்ளும் புறமும் தடிப்பாகப் பூசியிருந்தார். கிரவல் றோட்டில் சில்லு மூடிகள் கழன்று பறக்கும் என்பதால், இங்கே எல்லோரும் செய்வதுபோல, கம்பி போட்டு முறுக்கியும் கட்டியிருந்தார். அந்த முறுக்கை அவிழ்க்க மெக்கானிக்குக்கு அலுப்பும் பஞ்சியும். அவிழ்க்க விட இவருக்கு மனமில்லை. "எப்பிடியும் வவுனியாவுக்குப் போறம்தானே, அங்க பாப்பம்," என்று முடித்துவிட்டார்.

நடுக்கம் இடது பக்கத்திலிருந்து, அவருடைய காலடியிலிருந்து வந்தது. அங்கே ஊன்றியிருந்தது அவருடைய பொய்க்கால். அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். எதற்கும் சண்டை பிடிப்பவள் நான். அதைச் சொல்லி மட்டும் சண்டை பிடிக்க எனக்கு வாய் வராது.

புறப்பட்ட அன்று காலை நான் ஐம்பதைத் தாண்டவில்லை. மகள் பின்னால் தலையணையில் சாய்ந்திருந்தாள். நெடுங்கேணி கழிந்து காடு தொடங்கியதும் ஐம்பதிலேயே நடுங்கியது. நாற்பதுக்கு இறக்கினேன். நிற்கவில்லை. முப்பதுக்கு இறக்கினேன். நடுக்கம் இப்போது ஆட்டமாகியிருந்தது, அதோடு "டக், டக்" என்று ஒரு சத்தமும். வேகத்தைக் குறைத்தால் நிற்கவேண்டியது நிற்காமல் கூடியது.

"அம்மா, ஏன் இப்பிடி ஆடுது?" என்றாள் மகள். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"இதில நிப்பாட்டாதையும்," என்றார் இவர். றோட்டில் யானை லத்தி கிடந்தது. காய்ந்ததல்ல. ஓரத்தில் ஒரு மரக்கிளை பச்சையாக முறிந்து தொங்கியது. "கொஞ்சம் உருட்டிக்கொண்டு போம். முன்னுக்கு ஆமிக் காம்ப் இருக்கு."

"நான் உருட்ட மாட்டன்," என்று பிறேக்கை மிதித்தேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

இரண்டு பேரும் இறங்கினோம். குந்த முடியாது என்பதால் அவர் இடது முன்சில்லருகே தார் றோட்டிலேயே உட்கார்ந்து, காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு, குறட்டால் தன் முறுக்கைத் தானே வெட்டினார். காட்டுக்குள் எதுவோ முறியும் சத்தம் கேட்டது. நான் மரங்களைப் பார்ப்பதா அவருடைய கையைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றேன். மூடி கழன்றது. அதற்குள்ளிருந்து இரண்டு நட்டுகள் அவருடைய மடியில் விழுந்தன. மிச்சம் இரண்டையும் அவர் விரலால் தொட்டார். விரலுக்கே சுழன்றன.

அவர் முகத்தில் இரத்தம் இல்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்ச தூரம் உருட்டியிருந்தால் சில்லு தனியாகவும் என் பிள்ளை தனியாகவும் கிடந்திருக்கும்.

மகள் கண்ணாடியை இறக்கினாள். "அப்பா, என்னவாம்?"

"நட்டுக் கழண்டு போச்சு பிள்ளை."

அவள் சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். "இந்த நேரத்திலயும் அம்மாவை விட மாட்டியளோ?"

அவர் உள்ளங்கையில் அந்த இரண்டு நட்டுகளையும் வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இனி விடுறன்," என்றார்.

நாலு நட்டையும் போட்டு அவர் முறுக்க, நட்டு முறுக்கும் சாவியின் மேல் நான் ஏறி நின்று அழுத்த, ஒருவாறு இறுக்கி, சைக்கிள் வேகத்தில் காட்டைக் கடந்தோம். வவுனியாவில் ரயர்க் கடைக்காரர் நட்டு இருக்கும் இடத்தைச் சுரண்டிக் காட்டினார். சில்லைப் பூட்டும்போது என் கணவர் நட்டை இறுக்கியது பெயின்றின் மேல். பெயின்ற் நசிந்து உதிர உதிர நட்டு இளகியிருக்கிறது.

பேத்தி இப்போது தவழ்கிறாள். வெளியே போகும்போது பூட்டிய கதவை நான் மறுபடி இழுத்துப் பார்க்கிறேன். நான் முடிக்கும்வரை அவர் காத்து நிற்கிறார். பிறகு தானும் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார்.