எல்லைக்கல் மேலே ரோஸி அக்கா

சுட்ட முந்திரிக்கொட்டையின் எண்ணெய் நாற்றம்... சோறு உருட்டும்போதுகூட விரலிலிருந்து வரும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கையிலுள்ள கறுப்பும் அப்படித்தான்.

இந்தக் குரூப்பில் யாரோ வறுத்த முந்திரி போட்டோ போட்டிருந்தீர்கள். எனக்கு அந்த நாற்றம்தான் வந்தது.

தொண்ணூறுகளில், கேரளாவில் பாறசாலைக்குத் தெற்கே ஒரு அண்டியாபீஸ். முந்திரி கம்பெனிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். ப்ளஸ் டூ மாதிரியான ப்ரீடிகிரியைப் பாதியில் விட்டுவிட்டுக் கொட்டை உடைக்கப் போனேன். பக்கத்தில் பூவார்க்காரி ரோஸி அக்கா. ஏழு மாத வயிறு.

ஷெட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம். அதில் ஒரு எல்லைக்கல். அதற்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. லேபர் ஆபீசர் ஜீப் வந்தால் வயிற்றுப்பிள்ளைக்காரிகள் கல்லைத் தாண்டிப் போய் நிற்க வேண்டும். கண்ணில் பட்டால் பிரசவ லீவும் சம்பளமும் கொடுக்கச் சொல்வார்களே... போகாதவளுக்கு மறுநாள் வேலை இல்லை.

அன்றைக்கும் ஜீப் வந்தது. மேனேஜர் ஓடிவந்தார்.

"ரோஸியே, எழும்பு! ஏ பிள்ளே, நீயும் கூடப் போ."

கல் வரைக்கும் வந்த அக்கா அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இனி ஒரடி வைக்க வய்யா மக்கா, முடியல."

"எக்கா, வேலை போயிரும்."

"பிள்ளை போனா?"



பின்னால் சருகு மிதிபடும் சத்தம். ஆபீசர். இந்தத் தடவை பொம்பளை ஆபீசர். பாத்ரூம் எங்கே என்று கேட்டிருக்கிறார். இருந்தால்தானே காட்ட? நாங்கள் ஒதுங்குகிற ரப்பர் தோட்டத்தையே எவளோ காட்டிவிட்டிருக்கிறாள்.

அவருக்குப் பின்னால் மூச்சு வாங்க மேனேஜர்.

"அவ தமிழ்நாட்டுக்காரியாக்கும் மேடம். நம்ம ஆளு இல்ல."

அக்கா எழும்பவில்லை. கறுத்த கை இரண்டையும் நீட்டினாள்.

"இந்தக் கறை இவரு ஆபீஸ்ல உள்ளதாக்கும் மேடம்."

என் வாய் சும்மா இருக்குமா... "ஒங்களப் பாத்துதான் ஓடி வந்தோம். ஜீப் வந்தா எப்பவும் இதாக்கும் பாடு."

அக்காவுக்குச் சம்பளத்தோடு லீவு கிடைத்தது. கக்கூஸும் கட்டினார்கள். என்னமோ ஜெயித்துவிட்டது மாதிரி சிரித்துக்கொண்டு திரிந்தோம்.

அக்கா பிள்ளையோடு திரும்பி வந்தபோது ஷெட் பூட்டிக் கிடந்தது. முதலாளி கல்லுக்கு அந்தப் பக்கம் வீடு வீடாகக் கொட்டை மூட்டை இறக்கத் தொடங்கியிருந்தார். வீட்டில் இருந்து உடைத்தால் லீவும் இல்லை, ஆபீசரும் வரமாட்டார். யாரும் விரட்டவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா கொட்டை உடைக்கத் தானாகவே கல்லைத் தாண்டிப் போனாள்.

இப்போது நான் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில். சேல்ஸில் நிற்கிற பெண்கள் இடையில் உட்காரச் சட்டம் உண்டு. கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் உண்டு. மேலே கேமராவும் உண்டு. உட்கார்ந்தால் கடை முதலாளியிடமிருந்து போன் அடிக்கும்.

நேற்று கால் வீங்கிப்போய் உட்கார்ந்தேன். அடித்தது.

"யாராக்கும் அங்க இருக்கது?"

"நான்தான். வய்யா."

வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் ஸ்டூலிலேயே இருந்தேன்...

கஸ்டமர் வந்தார்கள். எழும்பினேன்.