ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பொன்னாடை

எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒருவன் எதையாவது உருப்படியாகச் செய்துவிட்டால் அவனைச் சும்மா விடமாட்டார்கள். பிளஸ் டூவில் மார்க் வாங்கினால் பொன்னாடை, ரிட்டயர் ஆனால் பொன்னாடை, எரிந்துபோன டிரான்ஸ்ஃபார்மரை மாற்றித் தந்த லைன்மேனுக்கும் பொன்னாடை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டு பீரோவில் எப்போதும் அரை டஜன் இருக்கும். என் தலையெழுத்து, அதில் ஒன்று எனக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது.

அது மூன்று நாள் சைக்கிள் பந்தயம். முதல் நாள் கடற்கரைச் சாலை, இரண்டாம் நாள் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், மூன்றாம் நாள் கேளம்பாக்கத்தில் கிளம்பி மேடவாக்கம் வழியாகத் தாம்பரத்தில் முடியும். மூன்று நாள் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவருக்குக் கோப்பை. எனக்குக் கோப்பை முக்கியமில்லை. மொத்தத்தில் முதலாவதாக வருபவரை இரண்டு வருஷம் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வதாகப் பெங்களூர் அணி ஒன்று சொல்லியிருந்தது. முப்பத்தொரு வயதில் இன்னொரு அணி என்னைத் தேடி வரப்போவதில்லை. இரண்டு நாள் முடிவில், முதலிடத்தில் இருந்தவனைவிட இருபது செகண்ட் பின்தங்கி இரண்டாவது இடத்தில் இருந்தேன்.

இதை அப்பாவிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தேன். "நாளைக்கு முதல்ல வந்தா மட்டும் போதாதுப்பா. அவனைவிட இருபது செகண்டுக்கு மேல முன்னாடி வரணும்." தலையாட்டினார். ரயில்வேயில் முப்பது வருஷம் வேலை பார்த்தவருக்கு நேரத்தைப் பற்றித் தெரியாதா என்று விட்டுவிட்டேன். என் முட்டாள்தனம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மேடவாக்கம் தாண்டியதும் கூட்டத்தை விட்டுத் தனியாகப் பிரிந்து மிதித்தேன். ராஜகீழ்ப்பாக்கம் வரும்போது பின்னால் வருபவர்களுக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரு நிமிஷ இடைவெளி. கால் எரிந்தது, ஆனால் கணக்கு சரியாக இருந்தது. அப்போதுதான் பார்த்தேன், நடுரோட்டில் எங்கள் தெருவே நிற்கிறது. எனக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு போன பைக்கை ஏற்கெனவே நிறுத்தி, ஓட்டியவர் கழுத்தில் ஒரு துண்டைப் போட்டிருந்தார்கள்.

"வழி விடுங்க" என்று கத்தினேன். கைதட்டினார்கள். இடதுபக்கம் புகுந்துவிடலாம் என்று பார்த்தால், அங்கே பொன்னாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி அப்பா. பிரேக் பிடித்தேன்.

"அங்கிள், ரேஸ் இன்னும் முடியல" என்றேன் செயலாளரிடம்.

"பின்னாடிதான் யாரையும் காணோமே தம்பி. அப்புறம் என்ன அவசரம்?"

"பெரியவங்க ஆசையா வந்திருக்காங்க. கொஞ்சம் நில்லுடா" என்றார் அப்பா.

போர்த்தினார்கள். இளநீர் நீட்டினார்கள், தள்ளிவிட்டேன். போட்டோ சரியாக விழவில்லை என்று எடுத்து மறுபடியும் போர்த்தினார்கள். அந்த எழவு பொன்னாடையின் குஞ்சம் போய் செயினில் மாட்டிக்கொண்டது. பிய்த்து எறிந்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பினேன்.

தாம்பரத்துக்கு முதலாவதாக வந்தது நான்தான். அவன் பதினான்கு செகண்ட் கழித்து வந்தான். மூன்று நாளையும் கூட்டியதில் ஆறு செகண்டில் தோற்றேன். பெங்களூர் அணியின் மேலாளர் அவனைத் தோளில் தட்டி அழைத்துக்கொண்டு போனார். எங்கள் தெருவில் மட்டும் நான் ஜெயித்துவிட்டதாகப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே வந்தேன். அவ்வளவு ஆத்திரம் அவர்மேல் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. அவர் ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தார். யாரோ அதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"எவ்ளோல போச்சு?"

"ஆறு செகண்டுப்பா."

"நாங்க உன்னை எவ்ளோ நேரம் நிறுத்தி வச்சோம்?"

சைக்கிள் மீட்டரில் அது பதிவாகியிருந்தது. நாற்பத்தொரு செகண்ட். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நாலஞ்சு செகண்ட் இருக்கும்ப்பா" என்றேன்.

"அப்ப எங்களால போகல."

"இல்லப்பா."