டுமெங் புதைத்த மோதிரம்

ஐம்பத்திரண்டு வயதுவரை டுமெங் அவசரப்பட்டு ஒரு காரியமும் செய்ததில்லை. எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில், பனி சரியுமா என்று அளந்து பார்ப்பது அவன் வேலை. இரவில் வானம் தெளிந்து பனி இறுகினால், 'காலை பத்துக்குள் மலையை விட்டு இறங்குங்கள்' என்று ஊர்ப் பலகையில் எழுதுவான். மேகம் மூடிப் பனி இளகியே கிடந்தால், 'யாரும் போகாதீர்கள்' என்பான். சரிவைக் கடக்கும்போது ஆளுக்கு ஆள் ஐம்பது மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது அவனுக்கு வேதவாக்கு. தேவாலயத்துக்குப் போகும்போதுகூட முன்னே போகிறவருக்கு ஐம்பது மீட்டர் பின்னால்தான் நடப்பான்.

பதினோரு வசந்தங்களாக அவன் உள்ளுக்குள் உருகிய லதீனாவும் அந்த ஐம்பது மீட்டருக்கு அப்பால்தான் இருந்தாள். கணவனை இழந்தவள், மீட்புக் குழுவின் தலைவி. அவ்வளவு தூரத்திலிருந்து காதலைச் சொல்லக் கத்தத்தான் வேண்டும். கத்திச் சொல்கிற விஷயமா அது?

கடைசியில் ஒரு வழி கண்டான். பனியில் புதைந்தவரை 'பீப், பீப்' என்று காட்டிக்கொடுக்கும் கருவியை ஊரார் 'பீப்பு' என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை குழுவுக்குத் தேடல் பயிற்சி. சனிக்கிழமை காலை, பனி கல்லாக இருந்தபோதே, ஒரு மரப்பெட்டியில் பீப்பையும் மோதிரத்தையும் வைத்துச் சரிவின் அடியில் புதைத்துவிட்டான். நாளை அவள் கையே தோண்டியெடுக்கும்!

விதி மேகமாக வந்தது. அன்றிரவு பனி இறுகவே இல்லை. மறுநாள் காலை, கண்ணீரை விழுங்கிக்கொண்டு தன் கையாலேயே எழுதினான்: 'யாரும் போகாதீர்கள். பயிற்சி ரத்து.'

ஒன்பது மணிக்கு, பலகையைப் படிக்காமல் ஸ்கீ கட்டிப் பனியில் சறுக்கப் போன இரண்டு வெளியூர்க்காரர்கள் கீழே இறங்கிவந்து போன் செய்தார்கள். தங்கள் பீப்பில் சத்தம் கேட்கிறது, பனிக்கடியில் யாரோ புதைந்திருக்கிறார்கள்! சங்கு அலறியது. பத்தே நிமிடத்தில் மண்வெட்டிகளோடும் மீட்பு நாயோடும் குழு நின்றது.

"டுமெங், மேல பனி எப்படி?" என்றாள் லதீனா.

"கஞ்சியா கிடக்கு. எப்ப வேணா சரியும். போகாத லதீனா!"

"உள்ள ஒரு உயிர் தவிக்குது. நீ இங்க நின்னு அளந்துக்கிட்டிரு."

அவள் கிளம்பிவிட்டாள். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அவளே போய்விடுவாள். டுமெங் ஓடினான். முதல்முறையாக ஐம்பது மீட்டரை மறந்து ஓடி, அவளுடைய ஸ்கீயின் வால்மீது ஏறி நின்றான்.

"அங்க ஆள் இல்ல! மோதிரம்தான் இருக்கு! உனக்குத்தான்!"

மீட்பு நாய்கூட உட்கார்ந்துவிட்டது.

"மோதிரத்துக்கு எதுக்குய்யா பீப்பு?" என்றான் குழுவிலிருந்த ரொட்டிக்கடை ஃபத்ரி.

"இல்லேன்னா அவ எப்படித் தேடுவா?"

அப்போது மலை உறுமியது. ஈரப்பனி சரிந்து, அவர்கள் தோண்டிக்கொண்டிருந்திருக்க வேண்டிய இடத்தை மூடிற்று. ஃபத்ரி தொப்பியைக் கழற்றினான்.

லதீனா பனியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுகை பாதியில் சிரிப்பானது. "பாவி மனுஷா! பேட்டரி எத்தன நாள் தாங்கும்?"

"பத்து நாள்."

"அதுக்குள்ள பனி இறுகுச்சுன்னா வந்து தோண்டுறேன். இல்லேன்னா என்னைக் கேட்கவே கேட்காத."

அடுத்த எட்டு இரவும் மேகம். எட்டுக் காலையும் டுமெங் 'யாரும் போகாதீர்கள்' என்றே எழுதினான். ஒருநாளும் பொய் எழுதவில்லை.

ஒன்பதாம் நாள் பலகையில் இப்படி இருந்தது: 'பனி கல்லாக இறுகிவிட்டது. பத்துக்குள் இறங்குங்கள். நாங்கள் இரண்டு பேர் மேலே இருக்கிறோம். இடைவெளி ஐம்பது மீட்டர், போகும்போது மட்டும்.'