கையில் கொடுக்க ஒரு செண்டு

மாற்றல் மனுவை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அதை வாங்கப்போகிற அதிகாரி அம்மாளுக்கு என்ன பூ கொடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். எழுபத்தொன்பதாம் வருஷமாக இருக்கும், இல்லாவிட்டால் எண்பது. ஜமுனாமரத்தூரில் மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளியில் நான் டீச்சர். கணவருக்குத் திருப்பத்தூரில் துணிக்கடையில் வேலை. ஒன்றரை வயதுப் பெண் குழந்தை அங்கே மாமியாரிடம் வளர்ந்தது. பதினைந்து நாளுக்கு ஒரு தரம் பஸ் பிடித்து இறங்குவேன். கடைசியாகப் போனபோது குழந்தை என்னைப் பார்த்து மிரண்டு மாமியாரின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. "பயப்படாதம்மா, டீச்சர் வந்திருக்காங்க" என்று மாமியார் சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சோறு தின்னாமலே பஸ் ஏறிவிட்டேன்.

ஆய்வுக்கு வருகிற அந்த அம்மாள் பரிந்துரை எழுதினால்தான் மாற்றல் கிடைக்கும். எழுதாவிட்டால் இன்னும் இரண்டு வருடம் மலையிலேயே கிடக்க வேண்டும். அதற்குள் என் குழந்தைக்கு நான் யாரோ ஒருத்தியாகிவிடுவேன். அந்தப் பயம் என்னைத் தூங்கவிடவில்லை.

"மாலை ஒண்ணு போட்டு, எலுமிச்சம்பழம் குடுத்துடலாம் டீச்சர்" என்றார் எங்கள் ஹெட்மாஸ்டர். நாற்காலியில் உட்காராமல் நடந்துகொண்டே பேசுகிற மனிதர்.

"சார், அந்தம்மாவுக்கு வூட்டுக்காரர் இல்ல. தெரியாதா உங்களுக்கு?"

அவர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அடிவாரத்தில் ஒரு பள்ளியில் நடந்தது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அங்கே இதே அம்மாளின் கழுத்துவரைக்கும் மாலையைக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நேரத்தில் யாரோ காதைக் கடிக்க, மாலையை அப்படியே பின்னால் இழுத்து மேசைமேல் வைத்துவிட்டார்களாம். அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பள்ளியின் ஒரு பதிவேடு பாக்கியில்லாமல் சிவப்பு மையில் குளித்தது. மாலையை நீட்டியதற்குக் கோபமா, இழுத்துக்கொண்டதற்குக் கோபமா என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. பெரிய புத்திசாலி என்று பேர் வாங்கிய நானும்தான் யோசிக்கவில்லை.

"பூவே வேணாம். வெறும் எலுமிச்சம்பழம் போதும்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"பூவே இல்லாம வரவேத்தா அதுவும் குத்தமாத்தான் தெரியும் சார். செண்டு குடுப்போம். கையில குடுக்கலாம். கழுத்துக்கும் வேணாம், தலைக்கும் வேணாம்."

வாணியம்பாடியில் ஒரு தோல் வியாபாரி வீட்டுக் கல்யாணத்தில் பார்த்திருந்தேன். காம்போடு சேர்த்துக் கட்டி, அடியில் ஜரிகைத் தாள் சுற்றிய செண்டை வந்தவர்கள் கையில் கொடுத்தார்கள். அந்த மாதிரி கட்டுகிற பாய் ஒருவர் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை வைத்திருந்தார். எங்கள் ஊரிலோ பூக்கடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. சந்தை நாளில் கூடையில் வருகிற சாமந்திதான். கண்டக்டர் கையில் கணவருக்கு ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினேன். "மாலை வேண்டாம். சரம் வேண்டாம். கையில் பிடிக்கிற செண்டு ஒன்றுதான் வேண்டும். புதன்கிழமை முதல் பஸ்ஸில் வராவிட்டால் நானும் ஊருக்கு வரமாட்டேன்" என்று எழுதியிருந்தேன். அவருக்கு இப்படி எழுதினால்தான் உறைக்கும்.

புதன்கிழமை ஒன்பதரைக்கு வரவேண்டிய பஸ் பத்தாகியும் வரவில்லை. ஜீப் பன்னிரண்டு மணிக்கு வரும் என்று தகவல். வகுப்பில் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு வாசலுக்கும் ரோட்டுக்குமாக அலைந்தேன். மலைப்பாதையில் ஒரு லாரி படுத்துவிட்டது என்று சுமைக்காரர் ஒருவர் சொன்னார். பத்தே முக்காலுக்கு பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது.

"இந்தாங்க டீச்சர், கூரைமேல போட்டா வாடிப்பூடும்னு மடியிலயே வெச்சிக்கினு வந்தேன்" என்று கண்டக்டர் இறக்கிக் கொடுத்தார். "தண்டு தண்ணியில இருக்கணும், பூமேல தண்ணி படக்கூடாதுன்னு பாய் பத்து வாட்டி சொன்னாரு."

ஈரச் சாக்கை விலக்கிப் பார்த்தேன். பன்னீர் ரோஜா, சம்பங்கி, நடுவில் கோழிக்கொண்டை, சுற்றிலும் சவுக்கு இலை. ஒரு இதழ் கசங்கவில்லை. அந்த நிமிடம் என் கணவரைப்போல ஒரு மனிதர் உலகத்தில் இல்லை என்று தோன்றியது.

அதற்குள் ஹெட்மாஸ்டர் வருகைப் பதிவேட்டைக் காணவில்லை என்று கத்த ஆரம்பித்தார். செண்டைக் கொண்டுபோய்ச் சமையலறையில் இருந்த ஆயாவிடம் கொடுத்தேன். மலைக்காரப் பெண்பிள்ளை. நாற்பது வயதிருக்கும். நூறு பிள்ளைகளுக்கு ஒற்றை ஆளாகக் களி கிண்டுவாள். "ஆயா, இது வர்ற அம்மாவுக்கு. தண்ணியில வையி. பத்திரம்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். என் தப்பு அதுதான். செண்டு என்றால் என்ன என்று அவளுக்கு நான் சொல்லவே இல்லை. அவள் ஆயுசில் அப்படி ஒன்றைக் கண்டதும் இல்லை.

பதிவேடு ஹெட்மாஸ்டர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே, அவருக்கு அடியில் இருந்தது. அதை எடுத்துச் சரிபார்த்துவிட்டு மூச்சு வாங்கச் சமையலறைக்குள் போனேன். ஆயா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் வாழைநார். பக்கத்துத் தட்டில் ஒரு முழு மாலை. கையில் ஒரு சரம், கடைசி முடிச்சில் இருந்தது. ஜரிகைத் தாள் அடுப்போரம் கிடந்தது. சவுக்கு இலையைப் பின்கட்டில் ஆடு தின்றுகொண்டிருந்தது.

"அடிப்பாவி! என்ன காரியம் பண்ணின?"

"இன்னா டீச்சரம்மா? பாவம், அந்தப் பூக்காரனுக்கு இன்னா அவசரமோ, பூவைக் கட்டாமக் கொள்ளாம தண்டோட சேத்து மூட்டையா அனுப்பிட்டான். விருந்தாளிக்கு அப்பிடியா குடுக்கறது? நான்தான் பிரிச்சுக் கட்டுனேன். கழுத்துக்கு ஒண்ணு, தலைக்கு ஒண்ணு."

"என் வயித்துல மண்ண வாரிப் போட்டியே ஆயா! அந்தம்மாவுக்குப் புருஷன் இல்ல. தாலி அறுத்தவங்க தலைக்கு யாராவது பூக் கட்டுவாங்களா?"

ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கும்தான் மொதப் புருஷன் செத்தான். ரெண்டு வருசம் கழிச்சு இவனக் கட்டிக்கினேன். நடுவுல அந்த ரெண்டு வருசமும் பூ வெச்சிக்கினுதான் இருந்தேன். அவன் செத்ததுக்குப் பூ இன்னா பண்ணும்?"

அவளிடம் வழக்குப் பேச நேரமில்லை. வெளியே ஜீப் ஹாரன் கேட்டது. அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார்கள். "இதை வெளிய கொண்டாந்தே, உன்னக் கொன்னுடுவேன்" என்று தட்டைப் பானைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

அந்த அம்மாள் இறங்கினார். சாம்பல் நிறக் கைத்தறிப் புடவை, நெற்றியில் விபூதிக் கீற்று, கையில் தடித்த கோப்பு. ஐம்பது இருக்கும் என்று நினைத்திருந்தேன். முப்பத்தெட்டுக்கு மேல் ஒரு நாள் இருக்காது. கூந்தலை இழுத்துச் சுருட்டி ஒரு கொண்டை. ஹெட்மாஸ்டர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார். அந்த அம்மாள் பழத்தை வாங்கிக்கொண்டு, கூட்டத்தின்மேல் ஒரு முறை கண்ணை ஓட்டினார். பூ இல்லை என்பதைக் கவனித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது எனக்குப் பின்னால் ஆயா வந்து நின்றாள், கையில் தட்டோடு. கொலைமிரட்டல் எல்லாம் அவளிடம் செல்லுமா? நான் சட்டென்று திரும்பித் தட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அடிவாரத்துப் பள்ளியில் செய்த அதே காரியத்தை, அதே மாதிரி, அந்த அம்மாள் கண்ணுக்கு எதிரிலேயே செய்தேன். செய்த பிறகுதான் உறைத்தது.

"என்ன தட்டு அது? ஏன் மறைக்கிறீங்க?" என்றார் அந்த அம்மாள்.

ஆயா என் கையை விலக்கிவிட்டு முன்னால் போனாள்.

"பூம்மா. உங்களுக்குன்னு கீழேர்ந்து பஸ்ஸுல வந்துச்சு. நான் கட்டுனேன்" என்று மாலையைத் தூக்கிக் கழுத்தில் போட்டேவிட்டாள். ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஆயா அதோடு விடவில்லை. சரத்தை எடுத்தாள். "இது கொண்டைக்கு. கொஞ்சம் திரும்பு தாயி."

ஜீப் டிரைவர் ரோட்டைப் பார்த்தபடி நின்றார்.

"எனக்கு வீட்டுக்காரர் இல்லம்மா. உனக்கு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க. அதுக்கு இன்னா? தலையில முடி இருக்குதில்ல?"

அந்த அம்மாள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. எனக்குள் என் குழந்தை முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தது. எல்லாம் போச்சு என்று முடிவே செய்துவிட்டேன். அப்புறம் அந்த அம்மாள் மெல்லத் திரும்பி நின்றார். ஆயாவுக்கு எட்டவில்லை. அவர் சற்றே முழங்காலை மடக்கித் தாழ்ந்து கொடுத்தார். ஆயா தன் தலையிலிருந்தே ஒரு ஊசியை உருவிச் சரத்தைச் சொருகினாள்.

ஆய்வு முடிகிறவரைக்கும் அவர் பூவைப் பற்றிப் பேசவில்லை. மாலையை மேசைமேல் கழற்றி வைத்தார், சரத்தை எடுக்கவில்லை. சிவப்பு மை இரண்டே இடத்தில் விழுந்தது. கடைசியில் என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார்.

"பூ வரவழைச்சது யாரு?"

"நான்தாங்கம்மா."

"மாலையா சொன்னீங்க?"

"இல்லங்கம்மா. செண்டு."

"ஏன் செண்டு?"

நான் தரையைப் பார்த்தேன். "கையில குடுக்கலாம்னு" என்றேன்.

"பதினொரு வருஷமா எல்லாரும் எனக்குக் கையிலதான் டீச்சர் குடுக்கிறாங்க. கழுத்துப் பக்கம் கொண்டுவந்தவங்களும் பாதியில இழுத்துக்கிட்டாங்க." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "சரி. மனு ஏதோ வெச்சிருக்கீங்கன்னு ஹெட்மாஸ்டர் சொன்னாரே."

வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா நிற்க எனக்கு வசதியில்லை. எடுத்துக் கொடுத்தேன். படிக்காமலே கோப்புக்குள் சொருகினார். "குழந்தைக்கு எத்தனை வயசு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒரு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தபால் வருகிற நேரம் வாசலில் போய் நிற்பேன். ஆயாவோடு பத்து நாள் பேசவில்லை. அவளும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு திங்கட்கிழமை ஆணை வந்தது. திருப்பத்தூருக்கே போட்டிருந்தார்கள். நான் ஆயாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். "விடுங்க டீச்சரம்மா, களி அடிப்பிடிக்குது" என்றாள்.

இறங்கிய மறுநாளே நன்றி சொல்ல அந்த அம்மாளின் அலுவலகத்துக்குப் போனேன். பாய் கடையில் இரண்டு முழம் மல்லிகைச் சரம் வாங்கிப் போனேன். இந்தத் தடவை செண்டு இல்லை, தலையில் வைக்கிற சரம். எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று காட்டவேண்டாமா? பொட்டலத்தை மேசைமேல் வைத்தேன்.

அவர் வாழையிலையைப் பிரித்துப் பார்த்தார். முகத்தருகே கொண்டுபோனார். மறுபடியும் அதே மடிப்பில் மடித்து என் பக்கம் தள்ளினார்.

"நீங்க வெச்சிக்குங்க டீச்சர். அன்னிக்கு மலையவிட்டு இறங்குறதுக்குள்ளயே எடுத்துட்டேன். டிரைவரை ஜீப்ப நிறுத்தச் சொல்லி, கண்ணாடியில பாத்து, ஒரு பூக்கூட முடியில ஒட்டாம எடுத்துட்டுத்தான் ஊருக்குள்ள வந்தேன். இங்க நான் வெச்சா பியூன்லேர்ந்து பேசுவாங்க."

பியூன் வாசலில்தான் நின்றான். அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. "பேசினாப் பேசட்டும், வைங்கம்மா" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒருவேளை வைத்திருப்பார். ஆனால் புதுப் பள்ளியில் நான் இன்னும் சேர்ந்து கையெழுத்துப் போடவில்லை. ஆணை என் கைப்பையில்தான் இருந்தது. வம்பு எதற்கு என்று பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, "வர்றேங்கம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.